இல்லநெறி

ஆரணிப் பட்டுக்குத் தோள்கொடுக்கும் கண்ணமங்கலத்துத் தமிழ்ப் பெருமக்களே!

ஆங்கிலத்தில் 'அவுசு உரூல்சு' என்றொரு தொடர் உண்டு. போர்த்துக்கீசியர் அதனை 'இரெக்ராசு தா காசா' என்பர். 'காசா' என்பது வீடு. 'இரெக்ராசு' என்பது நெறிகள். இரண்டற்கும் பொருள் ஒன்றே: இல்லநெறி. விடுதியில் தங்குவோர்க்குச் சுவரில் எழுதி ஒட்டுவது அது. பொது ஆட்டநெறியினின்று விலகி, ஒரு வீட்டார் தமக்கென வகுத்துக்கொண்ட ஆட்டநெறியும் அப்பெயர் பெறும். தாயம் ஆடுங்கால், 'எங்கள் வீட்டில் இப்படித்தான்' என்று தமிழ்ப் பெண்டிர் கூறுவதும் இதுவே.

அத்தொடரின் உயிர் எங்கே உள்ளது? வருபவர் எவராயினும் வீட்டின் நெறிக்கு அடங்க வேண்டும் என்பதில் உள்ளது. தமிழர் வீட்டுக்கு வரும் விருந்தினர் செருப்பை வாயிலில் கழற்றிவிட்டே உள்ளே வருவர். அந்நெறியை எவரும் எழுதி ஒட்டுவதில்லை.

மொழியும் ஒரு வீடே. அதன் இல்லநெறியைத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்து வைத்தார். வடசொல் வருமாயின், வடவெழுத்தை வாயிலில் விட்டுவிட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தியே வரவேண்டும் என்பது அது. பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்வழி வந்த 'ஜரிகை'யும் அந்நெறிப்படியே இவ்வூர்த் தறிகளில் 'சரிகை' ஆயிற்று.

1498-இல் வாசுகோட காமா கோழிக்கோட்டுப் பகுதியில் வந்திறங்கினார். அவர்வழி வந்தோரால் தமிழுக்கு நன்மையும் உண்டு. 1554-இல் இலிசுபனில் தமிழ், உரோம எழுத்தில் அச்சாயிற்று. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்திலேயே அச்சேறியது. அந்நன்றியை மறத்தல் தமிழர் பண்பன்று.

ஆயினும், அவர்தம் சொற்களான சாவி, சன்னல், மேசை, அலமாரி முதலியன தமிழர் வீட்டினுள் நுழைந்தன. ஒலியால் அவை தமிழுக்கு அடங்கின, இடத்தாலோ அடங்கவில்லை. விருந்தாக வந்தவை வீட்டாரையே வெளியேற்றின. புதுப்பொருளோடு புதுச்சொல் வந்தது என்று சிலவற்றுக்கு அமைதி கூறலாம். சாவிக்கும் சன்னலுக்கும் அவ்வமைதி பொருந்துமா? பூட்டும் திறவுகோலும் தமிழர் வீட்டில் முன்னரே இருந்தவை அல்லவா?

'சனெலா' என்னும் போர்த்துக்கீசியச் சொல், 'சிறு வாயில்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்தது. ஆங்கில 'விண்டோ', 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நோர்சு மொழிச் சொல்வழி வந்தது. தமிழிலோ காலதர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழிவிட்ட அச்சொல்லுக்குத் தமிழர் நாவில் வழி இல்லாமற் போனது எத்துணை இழிவு!

தறி, பாவு, ஊடை, விழுது எனத் தறிக்குழியில் தமிழ் இன்றும் உயிரோடு உள்ளது. கைத்தொழிலில் காத்த மொழியைக் கதவருகே கைவிடுவானேன்? ஒவ்வொரு நெசவாளர் வீடும் இன்றே ஓர் இல்லநெறி வகுக்கட்டும். தமிழ்ச்சொல் இருக்க, அயற்சொல்லை அவ்வீட்டார் ஆளற்க. பிள்ளைகள் தவறிச் சொன்னால் சினவற்க. திருத்திச் சொல்லிக் காட்டுக.

விருந்தினர் வரட்டும், உண்ணட்டும், மகிழட்டும். வீட்டின் திறவுகோல் மட்டும் வீட்டார் கையிலேயே இருக்கட்டும்!