அந்த வீடியோவை நான் போடலை

(தகவல் தொழில்நுட்ப அணியின் ஒன்றியக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. நம்ம பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்றவன், வீடியோ எடிட் பண்றவன். ஒருங்கிணைப்பாளர் அண்ணன்கிட்ட பத்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பேசுறேன். காரணம், 2021-ல என் போன்ல எடுத்த ஒரு வீடியோ.

அது டிசம்பர் மாசம். இன்ஜினியரிங் முடிச்சிட்டு, ஊர்ல இருந்தே வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பா ரெண்டாம் வகுப்பு. கொரோனாவுல மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்துச்சு. அதனால முதல் வகுப்பை அவ பள்ளிக்கூடத்துல உக்காந்து படிக்கவே இல்லை.

ஒருநாள் எங்க திண்ணையில தமிழ்ப் புத்தகத்தை விரிச்சு வச்சு கடகடன்னு வாசிச்சா. நானும் அசந்துட்டேன். அப்புறம் பார்த்தா அவ கண்ணு எழுத்து மேல இல்லை, படத்து மேல இருக்கு. பாடம் முழுக்க மனப்பாடம்! நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்னம்மா?"ன்னு கேட்டேன். பேச்சு நின்னு போச்சு.

அப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சொல்லித் தர உக்காரலை. போனை எடுத்தேன். "இன்னொரு தடவை வாசி"ன்னு சொல்லி, அவ திணறுறதை வீடியோ எடுத்தேன். மனசுக்குள்ள தலைப்பு கூட ரெடி. ‘இதுதான் அரசுப் பள்ளியின் லட்சணம்!’ நல்லா ஓடும்னு எனக்குத் தெரியும். நீங்களும் ஷேர் பண்ணியிருப்பீங்க.

அவ போனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "சித்தப்பா, இதை எங்க டீச்சருக்குக் காட்டாதீங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதான். அந்த வீடியோவை நான் போடலை.

மறுநாள் நான் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். லேப்டாப்ல கலர் கலரா ஸ்லைடு போட்டேன். அதையும் மனப்பாடம் பண்ணிட்டா! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு, ஒரு குழந்தைக்கு ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் வித்தியாசம் சொல்லித் தரத் தெரியலை.

அதைச் செஞ்சது எங்க தெருவுல இருக்கிற ஒரு அக்கா. 2021 அக்டோபர்ல தொடங்கின இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல தன்னார்வலராச் சேர்ந்தாங்க. மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை. சாயங்காலம் மாரியம்மன் கோயில் பக்கத்துல பாய் விரிச்சு, பிள்ளைகளை உக்கார வச்சு, எழுத்தை அட்டையில வெட்டிக் கொடுத்து, புளியங்கொட்டையை எண்ண வச்சு சொல்லித் தந்தாங்க. பாப்பாவை ரெண்டாம் வகுப்புப் பாடத்துல இருந்து ஆரம்பிக்கலை. அவளுக்கு எது தெரியுமோ அங்கிருந்து ஆரம்பிச்சாங்க.

இது ஏதோ எங்க ஊர்ல மட்டும் நடந்த கதை இல்லை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோன்னு மூணு பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 குழந்தைகளைப் பரிசோதிச்சாங்க. கொரோனாவுல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாசத்துக்குள்ள திரும்பி வந்திருந்துச்சு. அந்த மீட்சியில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு இந்த மாலை நேர வகுப்புகளால வந்ததுன்னு கணக்கிட்டாங்க.

அதுக்கும் இருபது வருஷம் முன்னாடியே வதோதராவிலயும் மும்பையிலயும் ‘பிரதம்’ அமைப்பு இதைச் செஞ்சு காட்டியிருக்கு. உள்ளூர்ப் பொண்ணுங்க, பள்ளிப்படிப்பு முடிச்சவங்க. பின்தங்கின பிள்ளைகளைத் தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வச்சுச் சொல்லித் தந்தாங்க. பின்தங்கின பிள்ளைங்கதான் அதிகமா முன்னேறினாங்க. அந்த ஆய்வைச் செஞ்சவங்கள்ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ரெண்டு பேரும் பின்னாடி 2019-ல நோபல் பரிசு வாங்கினாங்க.

சரி, பாப்பா கதைக்கு வர்றேன். 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு. ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, அவங்கவங்க நிலைக்கு ஏத்த பயிற்சி. மூணாம் வகுப்புக்குப் போன பாப்பா அரும்பு.

இதைக் கேட்டதும் அவங்க அப்பா நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டார். "என்ன டீச்சர், எம்பொண்ணு மக்கா? சின்னப் பசங்க பாடத்தைக் குடுத்திருக்கீங்க?"ன்னு சத்தம் போட்டார். வட்டிக்குக் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில சேர்க்கிறேன்னு கிளம்பினவர் அவர். டீச்சர் கோபப்படலை. "அண்ணே, காய்ச்சல் வந்தா மருந்து தனியாத்தானே தர்றோம். ஒரு டேர்ம் பொறுங்க"ன்னு சொன்னாங்க.

தோழர்களே, ஆபத்து இங்கதான் இருக்கு. திட்டம் நல்ல திட்டமா இருந்தாலும், ‘என் பிள்ளையை அவமானப்படுத்திட்டாங்க’ன்னு அப்பா அம்மா நினைச்சா, அந்தப் பிள்ளை வீட்டுல ஒளிக்கும், வகுப்புல ஒளிக்கும், மனப்பாடம் பண்ணித் தப்பிக்கும். நாம எடுக்கிற கேலி வீடியோ அந்த பயத்தை இன்னும் பெருசாக்கும். அரசை விமர்சிக்கணுமா, தாராளமா விமர்சிப்போம். ஆசிரியர் பணியிடம் காலியா இருக்கா, வகுப்பறை ஒழுகுதா, கேளுங்க. ஆனா அதுக்கு ஆதாரமா ஒரு குழந்தையோட முகத்தைக் காட்டாதீங்க.

இதுல எந்த ஆட்சின்னு பார்க்கவும் தேவையில்லை. நான் மூணாவது படிக்கும்போது அட்டை வழிக் கல்வி இருந்துச்சு. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கி, 2007-08-ல மாநிலம் முழுக்கப் பரவின முறை அது. தரையில உக்காந்து, ஏணியைப் பார்த்து, நம்ம படி எதுவோ அந்த அட்டையை எடுப்போம். யாரும் யாரையும் மக்குன்னு சொன்னதில்லை. நடுவுல ஆட்சி மாறுச்சு, அட்டை தொடர்ந்துச்சு.

நம்மால என்ன முடியும்? மூணு விஷயம் கேக்குறேன்.

ஒண்ணு. உங்க ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுல யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முன்னாள் மாணவர்களுக்கும் இப்ப இடம் உண்டு. உங்க அக்காவோ அண்ணியோ உறுப்பினரா இருக்கலாம். கூட்டத்துல காம்பவுண்டு சுவர், பெயின்ட் பத்திக் கேக்குறதோட இதையும் கேக்கச் சொல்லுங்க: "மூணாவது படிக்கிற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் தெரியாத பத்தியைத் தானா வாசிக்கிறாங்க? வாசிக்காதவங்களுக்கு என்ன பண்றோம்?"

ரெண்டு. தலைமையாசிரியர்கிட்ட முறையா அனுமதி கேட்டு, வாரத்துல ஒரு மணி நேரம் கதை வாசிக்கப் போங்க. கட்சித் துண்டு வேண்டாம், போட்டோ வேண்டாம். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியாப் பிரிச்ச வாசிப்பு இயக்கக் குட்டிப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கு. அது பீரோவுக்குள்ள பூட்டி இருக்கா, பிள்ளைங்க கையில இருக்கான்னு பாருங்க. நல்லா வாசிக்கிற பிள்ளைக்கும் அடுத்த படிப் புத்தகம் வேணும். அதுவும் சும்மா உக்காந்திருக்கக் கூடாது.

மூணு. அந்த மாதிரி வீடியோ எந்தக் குரூப்ல வந்தாலும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. நமக்குச் சாதகமா இருந்தாலும் சரி.

பாப்பா இப்ப நடுநிலைப் பள்ளிக்குப் போயிட்டா. மூணாம் வகுப்பு முடியறப்போ மொட்டுக்கு வந்தா, நாலாம் வகுப்புல தானா வாசிச்சா. போன மாசம் ரேஷன் கடை போர்டை அவங்க அப்பாவுக்கு அவதான் வாசிச்சுச் சொன்னா. அவருக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். 2022-ல டீச்சர்கிட்ட அவர் ஏன் அவ்வளவு சத்தம் போட்டார்னு அப்பதான் புரிஞ்சுது.

வீட்டுக்குப் போனதும் உங்க தெருவுல இருக்கிற ஒரு மூணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட புதுசா ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுங்க. பக்கத்துல உக்காருங்க. போனைச் சட்டைப் பையிலயே வச்சுக்கோங்க.