மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம்



நம்ம புதுச்சேரியின் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இன்று நினைவு அருங்காட்சியகம். அவருடைய நூல்களுக்கு இணையத்திலும் ஒரு வீடு உண்டு: தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையான நூல்கள் என்பதால் யார் வேண்டுமானாலும் அங்கே காசில்லாமல் படிக்கலாம். இப்படிப்பட்ட நூல்களை அங்கே உட்கார்ந்து பிழை திருத்துகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பைசா கூலி கிடையாது. பிறகு எதற்குச் செய்கிறார்கள்?

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் வலப்பக்கம் புத்தகப் பக்கத்தின் படம், இடப்பக்கம் அதைப் பார்த்துக் கணினி எழுதித் தந்த எழுத்து. கணினிக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கிவிடும். வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் படித்துச் சரிபார்த்தால் பச்சை. தான் மஞ்சளாக்கியதைத் தானே பச்சையாக்க முடியாது; வேறு ஒருவர் வந்து படித்தாக வேண்டும். ஆட்கள் அங்கே தங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த விதிதான் என்பது என் எண்ணம்.

சான்றிதழ் உண்டு என்று அறிவித்தால் கூட்டம் வரும். வேலைக்கான நேர்காணலுக்குக் கொண்டுபோகும் கோப்பில் ஒரு தாள் கூடுமல்லவா? அதில் தப்பில்லை. எதையாவது பிடித்துக்கொண்டுதானே உள்ளே வர வேண்டும்! ஆனால், தாள் கைக்கு வந்ததும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள்.

அப்படியானால், தங்குகிறவர்களைப் பிடித்து வைப்பது எது? கட்டற்ற மென்பொருள் எழுதும் 684 பேரிடம் கேட்டு, லக்கானி, வுல்ஃப் என்ற இருவர் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நின்ற காரணம், புதிதாக ஒன்றைப் படைக்கும் மகிழ்ச்சி. 2012இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் நன்றாக உழைப்பவர்களில் 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆளுக்கொரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் என்றால் தங்கம் வெள்ளி இல்லை, அவரவர் பயனர் பக்கத்தில் ஒட்டும் ஒரு படம்! அடுத்த மூன்று மாதத்தில், பதக்கம் வாங்காதவர்களைவிட இவர்களின் உழைப்பு 60 விழுக்காடு கூடியிருந்தது.

இதெல்லாம் இணையம் கொண்டுவந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1989 தொடங்கிப் புதுச்சேரியில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். புதுவை அறிவியல் இயக்கம் அதில் முன்னே நின்றது. பொழுது சாய்ந்தால் தெருவில் சிலேட்டோடு பெண்கள் உட்காருவார்கள். சொல்லிக்கொடுக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ சம்பளம் கிடையாது. ஆனால் ஒருநாள் மட்டம் போட்டால், "ஏன்பா நேத்து வரல?" என்று எதிரே ஓர் அம்மா கேட்டுவிடுவார். அதற்குப் பயந்தே மறுநாள் போக வேண்டியிருக்கும். இணையத்தில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? பக்கத்தைப் பச்சையாக்க வந்தவர் எழுதிவிட்டுப் போகும் ஒரு வரிதான்: "மூன்றாம் வரியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள்."

போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? தேர்வு வந்தால் போவார்கள். அவர்கள் திரும்பி வருவார்கள். திரும்பாதவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே சூடுபட்டவர்கள். விடிய விடிய உட்கார்ந்து விக்கிப்பீடியாவுக்கு எழுதிய கட்டுரையை மூத்தவர் ஒருவர் வாய் திறக்காமல் நீக்கியிருப்பார். ஆதாரம் இல்லாமல் எழுதியது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால், அந்தப் பையன் ஆதாரம் தேடி நம்ம ஊர் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு ஓடியிருப்பான்.

கல்லூரிகளில் இந்த வேலையை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் எத்தனை பக்கம் முடித்தார்கள் என்று கணக்கெடுப்பது அப்புறம் இருக்கட்டும். புதிதாக வருகிறவரின் முதல் பக்கத்தை அன்றைக்கே படித்துப் பதில் எழுத, மூத்த மாணவர் ஒருவரைப் போடுங்கள். சான்றிதழ் அச்சடிக்கிற செலவும் மிச்சம்.