ஆடலும் அதன் வரலாறும்

(ஆலயத் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆடல்வல்லானை அம்பலத்தில் வைத்து வணங்குவது தமிழர் மரபு. அம்மரபில் வந்த பிள்ளைகள் பலர் பள்ளி விடுமுறை நாள்களில் ஆலய மண்டபங்களில் பரதம் பயில்கின்றனர். அடவு கற்கின்றனர், முத்திரை கற்கின்றனர், சலங்கை பூசையும் அரங்கேற்றமும் காண்கின்றனர். ஆனால், இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் யார் என்னும் செய்தி அப்பிள்ளைகளுள் எத்தனை பேரைச் சென்றடைகிறது? இவ்வினாவுக்கு விடை காணக் கடல் கடந்த ஓர் ஆடற்கூடத்தின் கதை துணை செய்யும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கெட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைக்கு விவிலியக் கதையையொட்டி ‘யாக்கோபின் ஏணி’ என்று பெயர். பாதையருகே இருந்த பண்ணையில் தலையணை வடிவில் ஒரு பாறை கிடந்தது. அதனால் அப்பண்ணை ‘ஜேக்கப்ஸ் பில்லோ’, அதாவது யாக்கோபின் தலையணை, எனப்பட்டது. 1931ஆம் ஆண்டு டெட் ஷான் என்னும் நடனக் கலைஞர் அதனை வாங்கினார். அவர் சமயக் கல்வி பயின்றவர். நோயால் செயலிழந்த உடலைத் தேற்றிக்கொள்வதற்காக ஆடத் தொடங்கி, ஆடலையே வாழ்வாக்கிக்கொண்டவர்.

1933ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் அவர் ஆடவர் மட்டுமே கொண்ட ஒரு நடனக் குழுவை அங்கே பயிற்றுவித்தார். அக்காலத்தில் ஆடவர் மேடையில் ஆடுவதைப் பலர் இழிவாகக் கருதினர். ஆகவே ஷான் அக்கம்பக்கத்தாரைத் தேநீருக்கு அழைத்தார். நடனமணிகளே தேநீர் பரிமாறினர். ஷான் ஆடலைப் பற்றி விளக்கினார். பின்னர் அவர்கள் ஆடிக் காட்டினர். பயிற்சி, விளக்கவுரை, ஆடல் ஆகிய மூன்றும் அம்மண்ணில் அன்றே ஒன்றாக வேரூன்றின.

1940ஆம் ஆண்டில் குழு கலைந்தது, கடன் நெருக்கியது, பண்ணை கைமாறும் நிலை வந்தது. அப்போது அவ்வட்டாரத்து மக்களே முன்வந்து நிதி திரட்டி, இடத்தை வாங்கி, அரங்கமும் எழுப்பினர். 1942இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கம், அமெரிக்காவில் நடனத்திற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் அரங்கமாகும். அது போர்க்காலம், பெட்ரோலுக்கும் டயருக்கும் கட்டுப்பாடு. மக்களுள் பலர் மலைப்பாதையில் நடந்தே வந்து நடனம் கண்டனர்.

இன்றும் ஆண்டுதோறும் கோடையில் அங்கே இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. நிகழ்ச்சி தொடங்குமுன் அறிஞர் ஒருவர் சிற்றுரை ஆற்றி, காணவிருக்கும் ஆடலின் பின்னணியை விளக்குகிறார். வரலாற்றுச் சொற்பொழிவுகள் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. பழைய படச்சுருள்களும் நிழற்படங்களும் நிகழ்ச்சித்தாள்களும் காப்பகத்தில் பேணப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவ்வளாகத்தின் இரண்டாம் அரங்கம் தீக்கிரையானது. 2025ஆம் ஆண்டில் புதிய அரங்கம் அங்கே எழுந்தது. மரத்தாலான அரங்கம் அழிந்தால் மீண்டும் கட்டலாம். மறதியால் அழியும் வரலாற்றை மீட்பது அரிது.

இக்கதையில் தமிழருக்கும் பங்குண்டு. ஷானும் அவர்தம் துணைவியார் ரூத் செயின்ட் டெனிசும் 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஆசியப் பயணம் மேற்கொண்டனர். இந்தியா, இலங்கை, மலாயா எனப் பல நாடுகளில் ஆடினர். சிவபெருமானின் ஆனந்தக் கூத்தைக் கருவாகக் கொண்டு ஷான் 1926இல் ஒரு நடனமும் அமைத்தார். ஆயினும் அவ்வம்மையார் இந்தியாவைக் காணுமுன்பே, 1906இலேயே, ‘ராதா’ என்னும் நடனத்தை ஆடிப் புகழ் பெற்றிருந்தார். மரபறிந்த ஆசானிடம் பயிலாமல் கற்பனையால் புனைந்த கீழ்நாட்டு ஆடல் அது. வரலாறு உரைப்போர் இதனையும் மறைத்தலாகாது.

1962ஆம் ஆண்டு அதே மேடையில் உண்மை மரபின் உருவமாக ஒரு தமிழ்ப் பெண்மணி ஆடினார். அவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள், தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையின் மாணவி. கோயிலோடும் அரசவையோடும் தொடர்புடைய இசை, நடனக் குடும்பத்தில் தோன்றியவர்.

அத்தகைய குடும்பங்கள் பட்ட பாட்டை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சிறுமியரின் வாழ்வைக் காக்க எழுந்த சட்டம் அது. அதன் நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் அச்சீர்திருத்தக் காலத்தில் எழுந்த பழிச்சொல், கலையைக் காத்த பெண்டிர் மீதும் விழுந்தது. ஆடல் புதிய மேடைகளில் ஏறி மதிப்புப் பெற்றது. அதனைக் காத்தவர்களுள் பலர் மேடையையும் பிழைப்பையும் இழந்தனர். ‘தம் பாட்டியார் ஆடியவர்’ என்று சொல்லவும் நாணிய வழித்தோன்றல்கள் உண்டு. கலைக்கு மாலையும் கலை காத்தவர்க்கு மௌனமும் அளிப்பது அறமாகுமா?

ஆலயங்கள் இதற்குப் பரிகாரம் செய்யலாம். பெருஞ்செலவு தேவையில்லை. விடுமுறை வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் வரலாறு சொல்லலாம். பெற்றோரும் ஊராரும் கேட்க ஆண்டுக்கு ஓர் உரை ஏற்பாடு செய்யலாம். பழைய விழா மலர்கள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் கறையானுக்கு இரையாக்காமல் ஒரு பேழையில் பேணலாம். நட்டுவனார்கள் உயிரோடிருக்கும்போதே அவர்தம் சொற்களைப் பதிவு செய்யலாம்.

தேநீரும் சிற்றுரையுமாகத் தொடங்கிய மலைப்பண்ணை, ஊரார் கைகொடுத்ததால் நிலைத்தது. ஆலய மண்டபத்தில் சலங்கை கட்டும் சிறுமி, அச்சலங்கை யாருடைய கால்களிலிருந்து தன் கால்களுக்கு வந்தது என்பதை அறிந்து ஆடுவாளாக. அவள் தொழுது ஆடும் இறைவனுக்கு அடுத்து, அவர்களையும் ஒருகணம் நினைந்து வணங்குவாளாக.