வாலஸ் ஃபாக்ஸும் சேரியின் நுரையீரலும்
(வீராம்பட்டினம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, இங்க கடற்காத்து நல்லா அடிக்குது. நல்ல காத்து, நல்ல சோறு, ஓய்வு, இதுதான் காசநோய்க்கு வைத்தியம் என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்கு வைத்தியம் பார்த்த சவுரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் கட்டியது அந்த நம்பிக்கையில்தான். சரி, காத்தும் சோறும் ஓய்வும் இல்லாத சேரிக்காரன் என்ன செய்வான்?

எங்க சித்தப்பாவுக்கு டிபி. ஓர் ஆஸ்பத்திரியில், "உங்க ஆளுங்க சுத்தமா இருந்தா இதெல்லாம் வருமா?"ன்னு கேட்டாங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கூட நின்ன எனக்கும் பதில் தெரியல.

பதில் அதற்கு முன்பே சென்னையில் எழுதப்பட்டிருந்தது. 1956-இல் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நெஞ்சுநோய் மருத்துவர் அங்கே புதிதாகத் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்துக்குத் தலைமையேற்க வந்தார். 193 ஏழை நோயாளிகள். குலுக்கல் போட்ட மாதிரி பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறுபாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வும் குறைவு. 1959-இல் முடிவு வந்தது: சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 பேருக்கு. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அந்த வித்தியாசமும் போய்விட்டது. வீட்டாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை.

ஃபாக்ஸ் சாதியைப் பற்றிப் பேச வந்தவரல்ல. சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்த்த, மூத்திரத்தைச் சோதித்த மையம் அது. அந்தக் கண்காணிப்பு எனக்கு இப்பவும் உறுத்துது. ஆனால் குணமாவதற்கு வேண்டியது விடாமல் உட்கொள்ளும் மருந்து, பங்களா வீடு அல்ல என்று நிரூபித்தது அவர்தான். லண்டன் திரும்பி 1965 முதல் 1986 வரை காசநோய் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். ஒன்றரை வருஷச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. தினக்கூலிக்காரனுக்கு அந்த ஒரு வருஷம் எவ்வளவு பெரிசுன்னு உங்களுக்கே தெரியும்.

அரசுகள் அவருடைய முடிவில் மலிவான பாதியை எடுத்துக்கொண்டன: மாத்திரை போதும், சோறு வேண்டாம். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்துச் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயைக் குணமாக்க மருந்து, வராமல் தடுக்கச் சோறு. ரெண்டும் வேணும்.

சித்தப்பா வெறும் வயித்துலதான் மாத்திரை போடுவாரு. கொமட்டும். நீத்தண்ணி இருக்கான்னு சித்தியைக் கேட்பாரு. பாதி நாள் அதுவும் இருக்காது.