திமிங்கிலமும் மெமரி கார்டும்

1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ என்னும் படத்தை நேயர்களிற் சிலர் அறிந்திருத்தல் கூடும். சிங்களத்தில் எழுந்த முதலாவது முழுநீள வண்ணப்படம் அது. மைக் வில்சன் இயக்கிய அப்படத்துக்காகத் திருகோணமலைக் கடலின் அடியிலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. படச்சுருளை நம்பியிருந்த காலம் அது. 16 மில்லிமீற்றர்ச் சுருளில் நூறடி என்பது, விநாடிக்கு 24 படம் வீதம் ஓடினால், மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும்.

இன்று விரல்நகம் அளவான மெமரி கார்டு ஒன்று மணிக்கணக்கான காட்சியைத் தாங்குகிறது. இடம் போதுமா என்னும் கவலை போயிற்று. வேகம் போதுமா என்னும் கவலை வந்திருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழப் பிளந்து கிடக்கிறது. ஆதலால் நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு அணித்தாகவே வருகின்றன. அவற்றைப் படம்பிடிக்க ஒருவர் படகில் போகிறார் என வைத்துக்கொள்வோம். திமிங்கிலம் முதுகை வளைத்து வாலை உயர்த்துகிறது. அந்த வேளை பார்த்து, கார்டின் வேகம் போதாது என்றொரு வரி தோன்றிப் பதிவு நின்றுவிடுகிறது! கார்டின் மேலே ‘விநாடிக்கு 100 மெகாபைட்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. கருவி கேட்டதோ 100 மெகாபிட் மாத்திரமே. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே கேட்டது வெறும் பன்னிரண்டரை மெகாபைட். எட்டு மடங்கு வேகமுள்ள கார்டு ஏன் தோற்றது?

பெரிய எழுத்தில் உள்ளது, பெரும்பாலும், கார்டிலிருந்து படிக்கும் உச்சவேகம். பதிவுக்கு வேண்டியதோ, எழுதும் வேகம் ஒருபோதும் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பது. கந்தளாய்க் குளத்து வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மதகில் நீர் ஒரே சீராக வருகிறது. வாய்க்கால் ஓரிடத்தில் சிறிது நேரம் அடைபட்டாலும் கரை உடைத்துக்கொள்ளும். கருவிக்குள்ளே தற்காலிகச் சேமிப்பிடம் ஒன்று உண்டுதான். அது நிரம்பச் சில விநாடி போதும்.

அந்தக் குறைந்தபட்ச வேகத்தைச் சிறிய குறிகளே சொல்கின்றன. ‘சி’ என்னும் ஆங்கில எழுத்துக்குள் 10 என்றிருந்தால் விநாடிக்கு 10 மெகாபைட், அதாவது 80 மெகாபிட். நம் படகுக்காரருடைய கார்டில் இருந்தது இதுவே என்றால் வியப்பில்லை. ‘யூ’வுக்குள் 3 அல்லது ‘வி 30’ என்றிருந்தால் 30 மெகாபைட், அதாவது 240 மெகாபிட்.

பதிவின் பிட் வீதத்தைக் குறைத்துவிடலாமே என்பர். கடலில் அது நன்றன்று. கருவி ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை; முந்தியதிலிருந்து மாறியதையே பெரும்பாலும் எழுதுகிறது. சுவாமிமலைப் பாறை அசையாது. அதற்குச் சில பிட்டே போதும். வெயிலில் மினுங்கும் அலையும் நுரையும் கணந்தோறும் புதியவை. வீதம் குறைந்தால் நீர்ப்பரப்பு சதுரஞ்சதுரமாக உடைந்து தோன்றும். 100 மெகாபிட் வீதத்தில் 64 ஜிகாபைட் கார்டு ஏறத்தாழ 85 நிமிடம் வரும். ஒரு காலைப் பயணத்துக்கு அத்தகைய கார்டு இரண்டு இருந்தால் நல்லது.

போலிக் கார்டுகளும் கடைகளில் உலவுகின்றன. மேலே எழுதிய கொள்ளளவு உள்ளே இராது. ஆகவே படகேறுவதற்கு முதல்நாளே கார்டைக் கருவியிலேயே ஃபார்மட் செய்து, கரையில் நின்றபடி, அலையை நோக்கி, கார்டு நிரம்பும் வரை பதிய வேண்டும். பின்னர் அதன் கடைசி நிமிடத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.