தோட்டத்துச் சட்டியும் நகரத்துத் தட்டும்



பழக்கமில்லாத இறைச்சியை ருசி பார்ப்பது ஒரு வட்டாரத்தின் உணவை அறியும் வழியா என்பது இன்றைய கேள்வி. வழிதான். ஆனால் அந்த இறைச்சி எப்படித் தட்டுக்கு வந்தது என்று கேட்காமல் சாப்பிட்டால், அது வெறும் வேடிக்கையாகப் போய்விடும்.

கிள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்றி எலும்பையும் மூலிகைகளையும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் சீனர்களின் பக்குத்தே, 2024 பிப்ரவரியில் தேசியப் பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்டது. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம்மவர் சட்டியிலும் ஒரு பன்றிக்கறி வெந்தது. காட்டுப்பன்றிப் பிரட்டல்! அதற்குக் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்துக் கூலியில் ஆட்டுக்கறி என்பது தீபாவளிக்கும் முனீஸ்வரர் பூசைக்கும்தான். காட்டுப்பன்றியோ இரவில் தானாக வந்து மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும். அது அகப்பட்டால் லயத்தில் வீட்டுக்கு வீடு பங்கு. முரட்டுக்கறி அது, லேசில் வேகாது. ரோமத்தைத் தீயில் பொசுக்கிச் சுரண்ட வேண்டும். வாடை போக முதல் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்ட வேண்டும். பிறகு மிளகு, சோம்பு, பட்டை, கறித்தூள் எல்லாம் போட்டு, எண்ணெய் பிரியும்வரை சுண்ட வைக்க வேண்டும். பொறுமையில்லாதவர் கைக்கு அது வராது.

அதே தோட்டப்புறத்தில் உடும்பையும் பழந்தின்னி வௌவாலையும் மருந்து என்று சொல்லிச் சாப்பிட்டவர்கள் உண்டு. வௌவால் கறி இழுப்பு நோயைத் தீர்க்கும் என்பது தமிழ்நாட்டிலும் உள்ள நம்பிக்கைதான். மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

வௌவால் என்றதும் நிப்பாவை மறக்க முடியுமா? 1998-இல் பேராவில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், 1999-இல் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளை உலுக்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பிறகுதான் புதிய கிருமி என்று தெரிந்து, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கிருமியின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். அன்று நோயுற்றவர்கள் வௌவாலைத் தின்றவர்கள் அல்லர். பெரும்பாலும் பன்றிகளோடு புழங்கியவர்கள். வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவிய கிருமி அது. அப்படியிருக்க, வௌவாலையே பிடித்து அறுப்பவரின் கை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பன்றியை வேட்டையாடவே பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். எறும்புத்தின்னியைத் தொடவே கூடாது. 2022-இல் நடப்புக்கு வந்த திருத்தம், கடும் குற்றங்களுக்கு அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரையும் சிறையை 15 ஆண்டு வரையும் உயர்த்தியிருக்கிறது. கடையில் காட்டுப்பன்றிக் கறி கண்டால், எங்கிருந்து வந்தது என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் என்ன கூச்சம்? பதில் சொல்லத் தயங்கும் கடையில் சாப்பிட வேண்டாம். பதில் சரியாக இருந்தாலும், நன்றாக வேகாத கறியைத் தொட வேண்டாம். காட்டுப்பன்றி இறைச்சியில் புழுக்கள் இருக்கக்கூடும்.

சரி, காட்டை விடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள். கோழி, ஆடு, மீன், நண்டு. ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டி எங்கே? குடல் குழம்பு எத்தனை கடையில்? இரத்தப் பொரியல் என்று கேட்டால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். இந்த நாட்டில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து உறைய வைத்துப் பெட்டியில் வருவது. துண்டு போட்ட சதை வரும். இரத்தம் எப்படி வரும்? உள்ளூரில் ஆடு அறுக்கும் இறைச்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் உண்டு.

பழக்கமில்லாத இறைச்சி தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாமே! குடலைக் குச்சியால் புரட்டி, மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் போட்டு வாடை போகக் கழுவத் தெரிந்த பாட்டிகள் கிள்ளானில் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிக்கொடுப்பார்கள்.