பேருந்து ஏறி வந்த தமிழ்

(பொதுக்கூட்டப் பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிக்காகக் கூடிய அவையில் பேருந்தைப் பற்றிய பேச்சா என்று புருவம் நெரிப்பவர் இருக்கலாம். நெரிக்கட்டும். அகரமுதலியில் இடம் பெற்றுவிட்டதால் மட்டும் ஒரு சொல் வாழ்ந்துவிடுவதில்லை. அது சந்தைக்குப் போக வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டும். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எழுத்தறியாத பாட்டியின் வாயிலும் நுழைந்து வெளிவர வேண்டும். அவ்வாறு ஊர் ஊராக உலவி உயிர் பெற்ற சொற்களில் ஒன்று 'பேருந்து'.

உந்திச் செல்வது உந்து. பெரிய உந்து பேருந்து. ஆக்கம் அவ்வளவே. இரண்டெழுத்துப் 'பஸ்' இருக்க நாலெழுத்துக்கு நீட்டுவானேன் என்று நகைத்தோர் உண்டு. பேச்சில் அந்த இரண்டெழுத்து இன்னும் ஒழியவில்லை, அதை மறைப்பதற்கில்லை. ஆட்சி எழுத்தில் அது தோற்றுவிட்டது. அரசாணையும் பாடநூலும் பேருந்து என்றே எழுதுகின்றன. அதன் தடம் பற்றிச் சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து என்று ஒரு குடும்பமே பெருகிற்று. ஓட்டுநரும் நடத்துநரும் உடன் வந்தனர். (இச்சொற்களின் ஈறு 'நர்' என்பதே, 'நடத்துனர்' என்று எழுதுவோர் திருத்திக்கொள்வாராக.)

இவ்வெற்றி எவ்வாறு வந்தது? புலவர் மட்டும் இதைப் பெற்றுத் தரவில்லை. 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த ஆட்சிக் காலத்தில் பேருந்துக்குள் திருக்குறள் ஏறியது. 1971-இல் சட்டம் இயற்றப்பெற்றுப் பெருநிறுவனங்களின் பேருந்துகள் அரசுடைமையாயின. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. ஒவ்வொரு வண்டியும் நெற்றியிலும் விலாவிலும் தமிழெழுத்தைச் சுமந்து ஊருக்குள் வந்தது. பொதுவுடைமையான வண்டி ஓடியது; அதன்மேல் ஏறித் தமிழ்ச்சொல்லும் ஓடியது.

சோழன் கழகத்தின் தலைமையிடம் தஞ்சையும் அன்று, திருச்சியும் அன்று; கும்பகோணம். இன்றும் திருச்சி, கரூர், புதுக்கோட்டை, காரைக்குடி, நாகப்பட்டினம் மண்டலங்கள் அந்தக் கும்பகோணத்தின்கீழ்தான் இயங்குகின்றன. பெருநகரம் ஆணையிடச் சிறுநகரம் பணியும் உலகில் இது ஓர் அருமையான தலைகீழ் மாற்றம். அதற்குப் பொருத்தமான நிலம் அது. மேற்கே தாராசுரம், பாபநாசம், ஐயம்பேட்டை கடந்தால் தஞ்சை. கிழக்கே திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் கடந்தால் மயிலாடுதுறை. தெற்கே வலங்கைமான், நீடாமங்கலம் கடந்தால் மன்னார்குடி. எந்த ஊரும் தனித்து முழுமையானதன்று. ஓரூரில் தறி, ஓரூரில் சந்தை, ஓரூரில் கல்லூரி, ஓரூரில் மருத்துவமனை. திருபுவனத்துப் பட்டும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கும், கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையும் ஊர் தாண்டினால்தான் விலையாகும். பிரிந்து கிடக்கும் உறுப்புகளை ஓருடலாகப் பிணைக்கும் நரம்பு அங்கு ஓடும் பேருந்து.

பெயர்ப்பலகை செய்த தொண்டையும் எண்ணிப் பாருங்கள். தேவாரம் மயிலாடுதுறை என்று பாடிய ஊர் மாயூரமாகிப் பின் மாயவரமாகித் தேய்ந்தது. 1982-இல் அரசு அதற்குப் பழம்பெயரை மீட்டளித்தது. ஆணை ஒரு தாள். தாளை யார் படிப்பார்? நாள்தோறும் கும்பகோணம் நிலையத்தில் வந்து நின்ற பேருந்துகளின் நெற்றியில் 'மயிலாடுதுறை' என்று எழுதியிருந்தது, அதை ஊரார் படித்தனர், நடத்துநர் கூவினார், கூவியது காதில் ஏறியது. மாயவரம் என்பார் இன்னும் உளர். இளந்தலைமுறைக்கு அது மயிலாடுதுறையே. வேதாரணியம் திருமறைக்காடாகவும், கும்பகோணம் தேவாரக் குடமூக்காகவும் அதே பலகையில் ஏறும் நாள் இன்னும் வரவில்லை. சோழன் பெயர் தாங்கிய கழகமே கால் நூற்றாண்டு இருந்தும் தன் தலைநகரின் தமிழ்ப்பெயரை எழுதாமல் போனது வெட்கக்கேடு.

அச்சோழன் பெயரும் நிலைக்கவில்லை. 1997-இல் விருதுநகரில் தொடங்கப்பெற்ற புதிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் படைத்தலைவன் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவன் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவன் என்ற ஒன்றே சாதி வெறியர்க்குப் பொறுக்கவில்லை. தென்மாவட்டங்களில் பகை மூண்டது, உயிர்கள் மாண்டன. முடிவில் அவ்வாண்டு சூலையில் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த பெயர்கள் அனைத்தும் துடைக்கப்பட்டன. வெள்ளையனை எதிர்த்து மாண்டவன் பெயரெழுதிய வண்டியில் ஏறக் கூசியவர்களைத் திருத்த வழியின்றிச் சேரனும் சோழனும் பாண்டியனும் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டனர். குருதி சிந்துவதைத் தடுக்க அது வேண்டியிருந்தது என்பர். இருக்கலாம். ஆயினும் தோற்றது சாதியன்று, தமிழ்ப்பெயர்.

பெயர் போயிற்று; வண்டியாவது மிஞ்சுகிறதா? இன்றைய வினா இதுவே.

சிற்றூரில் இரவு தங்கும் பேருந்தை அறியாதார் உளரோ? கடைசி நடையாக இரவில் ஊர் வந்து சேரும், ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே கண்ணயர்வர், விடியுமுன் புறப்படும். அதில் பூக்கூடையும் கீரைக்கட்டும் பாற்குடமும் ஏறும். அடுத்த நடையில் மாணவர் ஏறுவர். கழகக் கணக்கில் அவ்வண்டி இழப்பு வண்டி. ஒரு கல் தொலைவுக்கு எத்தனை உருபா வந்தது என்று மட்டும் அளக்கும் அளவுகோலுக்கு, அவ்வண்டியால் படித்து முடித்த பெண்ணைக் காணத் தெரியாது. ஆளில்லை, வண்டியில்லை, வருவாயில்லை என்று ஏதேனும் ஒரு கரணியம் காட்டி முதலில் வெட்டப்படுவது அந்த நடையே.

2021 மே திங்களில், இயல்புக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என அரசு ஆணையிட்டது. பின்னர்த் திருநங்கையர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் அது விரிந்தது. பாராட்டத்தக்க செயல், உழைக்கும் பெண்ணின் கையில் ஒவ்வொரு திங்களும் காசு மிஞ்சுகிறது. ஆனால் பொதுவாக நகரப் பேருந்துக்கே அது செல்லும். ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் புறநகர்ப் பேருந்துக்குப் பொதுவாகச் செல்லாது. அலுவலகத்தார் அதனை இன்னும் 'மொபசல்' என்பர். அரபியிற் பிறந்து இந்துத்தானி வழியே வெள்ளையன் ஆட்சித்தாளில் புகுந்த சொல். தலைநகர்க்குப் புறம்பான நாட்டுப்புறம் என்பது பொருள். வெள்ளையன் போனான், அவன் வகுத்த பாகுபாடு வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையில் ஒரு பெண் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகிறாள். அதே தொலைவைச் சிறுநகரங்களுக்கிடையே கடந்து வேலைக்குச் செல்பவள், வெறுமையாக வரும் புறநகர்ப் பேருந்தை விட்டுவிட்டு நகரப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அது வராவிடில் கூலியில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுக்கிறாள். அடுத்தடுத்த சிறுநகரங்கள் சேர்ந்து ஒரு நகரமாக வாழ்கையில், அவற்றுக்கிடையே ஓடுவது நகரப் பேருந்து ஆகாமல் வேறென்ன?

பேருந்து செல்லாத சிற்றூர்க்கு என்று 1997-இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம் 2025-இல் மேலும் விரிக்கப்பட்டது. வண்டியே இல்லாத ஊர்க்கு வண்டி வருவதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் அவை தனியார் வண்டிகள். இலாபம் வற்றும் நாளில் அவை நின்றால் கேட்க எந்தச் சட்டமன்றம் உண்டு? தனியார் வண்டிகள் பலவற்றின் நெற்றியை நோக்குங்கள்: ஆங்கில எழுத்தில் பெயர், மூலையில் ஒட்டுத்தாளாய்த் தமிழ். அரசு வண்டி பின்வாங்கும் தெருவில் தமிழெழுத்தும் பின்வாங்குகிறது.

ஆகவே கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நின்று நின்று செல்லும் அரசுப் பேருந்துகள் அனைத்தையும் நகரப் பேருந்துகளாக அறிவித்தல் வேண்டும். வெட்டிய விடியல் நடைகளை மீண்டும் ஓட்டல் வேண்டும். மின்பலகையாயினும், கருவி தரும் பயணச்சீட்டாயினும் ஊர்ப்பெயர் முதலில் தமிழில் வரல் வேண்டும். இவை பெருந்தொகை கேட்கும் கோரிக்கைகள் அல்ல. அந்தந்தப் பணிமனையில் எந்த ஊரின் எந்த நடை எப்போது நின்றது என்று தோழர்கள் கேட்டறிந்து, பட்டியலெழுதி, ஊரார் கையொப்பத்துடன் கிளை மேலாளரிடம் கொடுக்கலாம். கும்பகோணம் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.